எல்லோரும் எழுந்து போகும் இடம்

கோபித்துக்கொண்ட சம்பந்தியைச் சமாதானப்படுத்த வட்டிலப்பத்தை விடச் சிறந்த வழி உலகத்தில் இருப்பதாக ஹாஜரா உம்மா இதுவரை கேள்விப்பட்டதில்லை. காலையிலேயே குறிஞ்சிப்பிட்டி வீட்டுக் குசினியில் முட்டை அடிக்கும் சத்தம் தொடங்கிவிட்டது. நோன்பு நாள் என்பதால் ருசி பார்க்க வழியில்லை. கைக்கணக்கையும் அல்லாஹ்வையும் நம்பித்தான் கித்துள் கருப்பட்டியைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் கரைத்தீவில் ஒரு வீட்டுக்குள் சூறாவளி அடித்தது. உம்மாவின் இளைய மகள் மர்ஷூதா அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கணவன் ஹஸ்மிக்குக் கட்டாரில் வேலை. அவள் மாமியார் உம்மு குல்தூமோடு வீட்டில் இருந்தபடியே ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டப்படிப்பைப் படிக்கிறாள். "என்ட மருமகள் கெம்பஸ் படிக்கிறா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அதே மாமி, ஒரு நாள் அந்தியில், மஃரிப் தொழுகை நேரத்தில் அவளுடைய ஃபோனை எடுத்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டார். "இந்தப் பாடம் இனி இந்த வீட்டுல வேணாம்." ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கேட்டவளுக்கு அழுகை மட்டும் வந்தது.

பாடம் என்று அவர் சொன்னது புள்ளிவிபரவியல். அதைத் தயாரித்து இணையத்தில் போட்ட விரிவுரையாளர் வேறு யாருமல்ல, மர்ஷூதாவின் ராத்தா ஷஃபீனாதான். தங்கை என்பதால் மர்ஷூதாவின் விடைகளை மட்டும் வேறு ஒருவர் திருத்துவார். மற்றபடி அவளும் வகுப்பில் ஒருத்தி.

"உன்ட பாடத்துல அப்படி என்னதான் புள்ள வெச்சிருக்கா?" உம்மா முட்டை அடிப்பதை நிறுத்தாமல் மூத்த மகளிடம் கேட்டார். "அஞ்சு நேரமும் தொழுற மனிசி கேட்டுட்டுக் கோவிக்கிற அளவுக்கு?"

"சராசரி எப்படிக் காணுற எண்டு வெச்சிருக்கன் உம்மா."

"அதுல கோவிக்க என்ன இருக்கு?"

"அதுதான் எனக்கும் விளங்கல்ல."

ஷஃபீனாவுக்கு விளங்காதது அது ஒன்று மட்டுமென்றால் இந்த வாரம் நமக்குக் கதையே இருந்திராது. உள்ளறையில் அவளுடைய மடிக்கணினி காலையிலிருந்து திறந்தபடி கிடக்கிறது. அதில் ஒரு கோடு. நேராக, நல்ல பிள்ளையாக வந்த கோடு, ஐந்தாம் பாடத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் கிணற்றில் விழுந்தது போல் விழுகிறது. பாடம் பார்த்துக்கொண்டிருந்த மாணவர்களில் பெரும்பாலானோர் அந்த ஒரே இடத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். திரும்பி வருகிறவர்களும் மறுபடி அதே இடத்தில் போய்விடுகிறார்கள்.

இந்தப் பாடத்துக்காக ஷஃபீனா பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு மணித்தியால விரிவுரையைப் படம் பிடித்துப் போட்டால் இந்தக் கடற்கரை ஊர்களில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவளுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். மாணவர்களில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுப் படிக்கும் பெண்கள். மீதிப் பேர் கடைகளிலும் தோட்டங்களிலும் நிற்கும் இளைஞர்கள். அதனால் பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். புத்தகத்தில் இருந்த பகடைக்காய்களையும் சீட்டுக்கட்டையும் தூக்கி எறிந்துவிட்டு, வெங்காய விலையையும் களப்பு மீனையும் உப்பளத்தில் மழை பெய்த நாட்களையும் உள்ளே கொண்டு வந்தாள். "மிஸ், கணக்கெண்டாலே எனக்குக் காய்ச்சல்" என்று முதல் வாரம் எழுதியவர்கள் நாலாம் வாரம் சராசரியைப் பற்றித் தங்களுக்குள் சண்டை பிடித்தார்கள்.

ஐந்தாம் பாடத்தில் அவள் வைத்த கேள்வி இது. ஃபைஸலும் மர்ஸூக்கும் களப்புக்கு மீன் பிடிக்கப் போகிறார்கள். ஃபைஸல் தினமும் பத்துக் கிலோ மீனோடு வருகிறான். மர்ஸூக் ஒரு நாள் வெறுங்கையோடு, மறுநாள் இருபது கிலோவோடு. இரண்டு பேருக்கும் சராசரி ஒன்றுதான். உங்களுக்கு ஒரு மகள் இருந்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்?

கேட்டுவிட்டு, "கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லி அவள் பேசாமல் இருப்பாள். மாணவருக்கு யோசிக்க இடம் விடு என்பது பயிற்சிப் பட்டறையில் கற்றுக்கொண்டது. அந்த இடத்தைத் தள்ளிவிட்டுப் போகாமல் இருக்க அதைப் பூட்டியும் வைத்திருந்தாள். அதைக் கடந்து விடை எழுதினால்தான் ஆறாம் பாடம் திறக்கும்.

பெண் கொடுப்பதைப் பற்றிக் கேட்டது பிழையாகிவிட்டதோ? கேள்வி கஷ்டமோ? கேள்விக்கு முந்திய விளக்கத்தை வெட்டினாள், ஒட்டினாள், நிறம் மாற்றினாள், சிரிக்கிற நண்டு ஒன்றைக்கூட வரைந்து போட்டாள். கோடு அசையவில்லை. இந்தக் கரையில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் புள்ளிவிபரம் சொல்லிக் கொடுப்பவளுக்குத் தன்னுடைய ஒரு கோட்டை வாசிக்க முடியவில்லை.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜெசிக்கா மிஸ் அழைத்தார். சிலாபத்துக்காரர். பல்கலைக்கழகத்தின் இணையப் பாடங்களுக்கெல்லாம் பொறுப்பு. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர், ஆனால் நல்ல மனது.

"ஷஃபீனா, நாளைக்கு ஃபகல்டி கூட்டம். உங்கட பாடத்தைப் பத்தித்தான் முதல் கதை."

"தெரியும் மிஸ்."

"அஞ்சாம் பாடத்துக்கு மேல ஆக்கள் போகல்ல. ஒன்லைன் சரிவராது, சனி ஞாயிறு நேர்ல வகுப்பு வைக்கலாம் எண்டு ரெண்டு பேர் ஏற்கனவே எழுதிக் குடுத்தாச்சு."

ஷஃபீனா மனதுக்குள் கணக்குப் போட்டாள். பல்கலைக்கழகம் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுவதும் போகும் தூரம். கைக்குழந்தையோடு யார் போவார்கள்? கடையைப் பூட்டிவிட்டு யார் போவார்கள்? மர்ஷூதா போவாளா? நேரில் வகுப்பு என்றால் இந்தக் கரையில் இருக்கும் அத்தனை பேருக்கும் படிப்பு அந்த நாளோடு முடிந்தது.

"மிஸ், பாடம் பிழையில்ல. ஏதோ ஒண்டு நடக்குது. என்ன எண்டுதான்..."

"எனக்கு அந்த 'என்ன' தான் வேணும். நான் இண்டைக்குப் பின்னேரம் அறிக்கைய அனுப்பணும். ஆறு மணிக்கு முந்தி ஒரு காரணம் சொல்லுங்க, நான் உங்களுக்காகச் சண்டை பிடிக்கிறன். காரணம் இல்லாம என்னால ஒண்டும் செய்ய ஏலாது."

பின்னேர அஸர் தொழுகை முடிந்து கரைத்தீவுக்கு வேன் கிளம்பியது. ஓட்டியவர் ஷஃபீனாவின் கணவர் றிப்னாஸ். காலையிலிருந்து வெங்காயத் தோட்டத்தில் வெயிலில் நின்ற மனிதர். நல்லவர், பொறுமைசாலி, ஆனால் நோன்பின் கடைசி இரண்டு மணித்தியாலத்தில் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவார்.

"எத்தின மணி?"

"கொஞ்சம் முந்தித்தானே கேட்டீங்க."

"அப்ப இருந்து ஓடியிருக்காதா?"

மடியில் வட்டிலப்பச் சட்டியோடு உம்மா முன் ஆசனத்தில் அசையாமல் இருந்தார். பாலாவிச் சந்திக்குக் கிட்ட இரண்டு கழுதைகள் நடுவீதியில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று ஆலோசித்தன. றிப்னாஸ் பிரேக் போட, உம்மா சட்டியைக் கட்டிப்பிடித்தார்.

"பாத்து மகன்! இது ஆடினாச் சமாதானமும் ஆடிரும்."

பின் ஆசனத்தில் ஷஃபீனா வெளியே உப்பளத்தைப் பார்த்தபடி இருந்தாள். இத்தனை நாளும் கோட்டைத்தான் பார்த்தோம், ஒரு மாணவியையாவது பார்த்தோமா என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. கணினியில் பெயர்கூட இல்லை, பதிவிலக்கம்தான். ஆனால் சொந்தத் தங்கையே ஒரு மாணவியாக இருக்கிறாளே. அவள் பாடம் பார்க்கும் விதத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் என்ன?

யோசனை நல்லதுதான். அதற்கு முதலில் மாமி வீட்டுக்குள் பாடத்தைப் போட வேண்டும் என்பதுதான் சிக்கல்.

உம்மு குல்தூம் வாசலுக்கே வந்து வரவேற்றார். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, கரைத்தீவில் ஓலைக்குடிசையில் தொடங்கி, கல்வீடு கட்டி, மகனை ஆளாக்கியவர். உபசாரத்தில் ஒரு குறை வைக்க மாட்டார். "வாங்க சம்பந்தி, வாங்க மகன், உள்ளுக்கு வாங்க." வட்டிலப்பத்தை இரண்டு கையாலும் வாங்கினார். விறாந்தையில் றிப்னாஸுக்குக் கதிரை போட்டு, சிறு மேசையில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் மூடி வைத்தார். எல்லாம் சரியாக இருந்தது, அவர் முகத்தைத் தவிர.

உம்மா கஞ்சி கிண்டும் சாக்கில் சம்பந்தியின் பின்னாலேயே குசினிக்குள் போனார். "என்ன நடந்த எண்டு எனக்குச் சொல்லலாம்தானே? புள்ள ஏதும் மரியாதக் குறைவா..."

"அவ தங்கம். அவவில ஒரு பிழையும் இல்ல."

"அப்ப?"

"கஞ்சி அடிப்பிடிக்கப் போகுது சம்பந்தி."

அவ்வளவுதான். கதவு சாத்தியாயிற்று.

ஹாலில் ஷஃபீனா மடிக்கணினியைத் திறந்தாள். மர்ஷூதா குசினிப் பக்கம் பார்த்து மிரண்டாள்.

"ராத்தா, மாமி ஏசுவா."

"நான் பதில் சொல்றன். நீ வழமையா எப்படிப் பாடம் பாப்பியோ அப்படியே பாரு. நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

"அப்படியே எண்டா... சத்தத்தக் கூட்டணுமே."

"ஏன்?"

"இந்த நேரத்துல இருந்து பாக்க ஏலுமா ராத்தா? சமோசா பொரிக்கணும், உடுப்பு எடுக்கணும். ஃபோன இங்க வெச்சிட்டு நான் அங்கயும் இங்கயும் ஓடி ஓடிக் கேப்பன்."

"கேப்பியா? பாக்க மாட்டியா?"

"ஆர் ராத்தா பாக்குற? எங்கட குரூப்ல எல்லாரும் கேக்குறதான்."

சிரிக்கிற நண்டுக்காக இரண்டு இரவு கண்விழித்தவளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் ஐந்தாம் பாடத்தைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். பாடம் ஓடத் தொடங்கியது. சத்தம் வீடு முழுக்க நிறைந்தது. மர்ஷூதா கொல்லைக்குப் போய்க் கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுக்க, ஷஃபீனாவும் கூடவே போய் ஒரு சாரத்தை மடித்தாள். உள்ளே அவளுடைய குரல் வெங்காயம் விற்றது, மீன் நிறுத்தது, கடைசியில் கேட்டது: "...யாருக்குக் குடுப்பீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

பிறகு பேச்சு நின்றது. அந்த அமைதிக்குள்ளிருந்து, தூரத்தில் தொடங்கிக் கிட்ட வருவது போல், தெளிவாக, அழகாக, தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழுந்தது.

விறாந்தையில் றிப்னாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மூடியை எடுத்தார். பேரீச்சம்பழத்தை எடுத்தார். துஆ ஓதினார். பழம் வாய்க்குப் போகும் வழியில் பாதி தூரம் போய்விட்டது.

"மகன், வெக்காதீங்க! வாயில வெக்காதீங்க! அது பாங்கில்ல!"

குசினியிலிருந்து உம்மு குல்தூம் ஓடி வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண் அப்படி ஓடி அந்த வீடு பார்த்ததில்லை. கையில் அகப்பை, அதிலிருந்து கஞ்சி வழிந்தது. ஒரே எட்டில் மருமகன் முறைக்காரரின் கையைப் பிடித்துவிட்டார். பழம் தரையில் விழுந்து உருண்டது.

பின்னாலேயே ஹாஜரா உம்மா. "பாங்கில்லையா? கேக்குதே சம்பந்தி!"

"அது பாங்குதான். ஆனா இப்பத்த பாங்கில்ல. அது பாடத்துக்குள்ள இருக்கிற பாங்கு."

உடுப்புக் குவியலோடு வாசலில் நின்ற அக்காவும் தங்கையும் அப்படியே நின்றார்கள். உள்ளே பாங்கு முடிந்து, ஷஃபீனாவின் குரல் எதுவும் நடக்காதது போல், "சரி, யோசிச்சாச்சா?" என்று கேட்டது.

முதலில் வாய் திறந்தது மர்ஷூதா. "உங்களுக்கு எப்படி மாமி தெரியும்?"

உம்மு குல்தூம் கதிரையில் உட்கார்ந்தார். அகப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அண்டைக்கு நீ கொல்லைக் கடைசியில நிண்டா, உனக்குக் கேட்டிருக்காது. நான் இங்க இருந்தன், ஈத்தம்பழமும் தண்ணியும் வெச்சிக்கொண்டு. பாங்கு கேட்டிச்சு. பிஸ்மி சொல்லிக் குடிச்சிட்டன். ஒரு கோப்பை தண்ணி முழுக்க. குடிச்சு முடிச்ச பிறகு எங்கட பள்ளியில பாங்கு சொன்னாங்க."

ஹாஜரா உம்மா அவர் கையிலிருந்த அகப்பையை மெதுவாக வாங்கினார்.

"வயசுக்கு வந்த நாள்ல இருந்து காரணமில்லாம ஒரு நோன்பு விட்டதில்ல. இடம்பெயர்ந்து வந்து சாப்பாடில்லாமக் கிடந்த வருசத்துலயும் விடல்ல. அது இப்படியா முறியணும்? ஆருக்கிட்ட சொல்ற? வெக்கமாப் போச்சு எனக்கு. பாங்கப் பத்திக் குறை சொல்ல வாய் வருமா? அதுதான் பாடம் வேணாம் எண்டன்."

ஷஃபீனா உடுப்பையெல்லாம் கீழே போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அந்தப் பாடத்தை ஒலிப்பதிவு செய்த பின்னேரம் அவளுக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது. நோன்பு தொடங்குவதற்கு முந்திய வாரம். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். கேள்வியைக் கேட்டு முடிக்கவும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு தொடங்கவும் சரியாக இருந்தது. பாங்கு கேட்டால் பேச்சை நிறுத்துவது சின்ன வயதுப் பழக்கம். நிறுத்தினாள், மனதுக்குள் பதில் சொன்னாள், முடிந்ததும் தொடர்ந்தாள். யோசிப்பதற்கு எப்படியும் இடைவெளி வேண்டும்தானே என்று அதை அப்படியே விட்டாள். பிறகு சரிபார்த்தபோது, தான் பேசும் இடங்களை மட்டும்தான் போட்டுக் கேட்டாள். தன் மௌனத்தை யார் உட்கார்ந்து கேட்பார்கள்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரியாகத்தான் போயிற்று.

"மாமி, என்னை மன்னிச்சிருங்க. இது முழுக்க என்ட பிழை." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "ஆனா மாமி, அஸருக்குப் பிறகு மஃரிபுக்கு இன்னும் நேரமிருக்கு எண்டு உங்களுக்குத் தெரியாதா? வெளிச்சம் இருந்திருக்குமே?"

உம்மு குல்தூம் கொஞ்சம் தயங்கினார்.

"தெரியும். ஆனா நான் யோசிச்சிக்கொண்டு இருந்தன்."

"என்னத்த?"

"நீதானே கேட்டா, ஃபைஸலுக்குக் குடுக்கிறதா, மர்ஸூக்குக்குக் குடுக்கிறதா எண்டு. அந்த யோசினையில மணிக்கூட்டப் பாக்கல்ல."

ஷஃபீனா அவர் முகத்தையே பார்த்தாள். "நீங்க பாடம் கேக்குறீங்களா மாமி?"

"முதலாம் பாடத்துல இருந்து கேக்குறன். அவ பொரிக்கப் போயிருவா. நான்தான் இருந்து கேக்குற."

பட்டறைகளும் படங்களும் எத்தனையோ பாராட்டும் அவளுக்குத் தராத சந்தோஷத்தை அந்த ஒரு வாக்கியம் தந்தது. ஒரு நோன்பை மறக்கும் அளவுக்கு ஒருவர் தன் கேள்வியை யோசித்திருக்கிறார்!

"முடிவு என்ன மாமி?"

"ஃபைஸலுக்குத்தான். தினம் தினம் உலை வைக்கலாம்."

"எனக்கெண்டா மர்ஸூக்," என்றார் ஹாஜரா உம்மா உடனே. "ஒரு நாள் பட்டினி கிடந்தாலும் மறுநாள் விருந்து வைக்கலாம்."

"நீங்க விருந்துலேயே இருங்க சம்பந்தி!"

வட்டிலப்பம் வெட்டப்படுவதற்கு முன்பே சமாதானம் வந்துவிட்டது. தரையில் கிடந்த பேரீச்சம்பழத்தைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்த றிப்னாஸ் மட்டும், "எத்தின மணி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் ஷஃபீனாவை உலுக்கியது. ஆறு மணிக்கு முன் காரணம் சொல்ல வேண்டும். மாமி ஒருவருக்கு நடந்ததை வைத்து வகுப்பு முழுவதற்கும் காரணம் சொல்ல முடியாது என்பது புள்ளிவிபரவியலின் முதல் பாடம். "மர்ஷூ, உன்ட குரூப்புல கேளு. அஞ்சாம் பாடத்துல பாங்கு கேட்டிச்சா, கேட்டா என்ன செஞ்சீங்க எண்டு. கெதியாக் கேளு!"

அலுமாரிக்கு மேலிருந்து ஃபோனை எடுத்துக் கொடுத்தவர் உம்மு குல்தூம்தான்.

குரல் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. "ஓம் ராத்தா, பாங்கு கேட்டா எங்கட வாப்பா ஃபோன மூடச் சொல்லுவார், மூடிட்டன்." "நோன்பு துறக்கிற நேரம் எண்டு வீட்டுல எல்லாரும் எழும்பிட்டாங்க, எனக்குத்தான் ஏச்சு விழுந்திச்சு." "ஹெட்செட் போட்டா மாமி கூப்பிடுறது கேக்காது, என்ன செய்ற?" கற்பிட்டியிலிருந்து நிஃப்லா என்ற பெண் மூச்சு வாங்கச் சிரித்தபடி சொன்னாள்: "நான் இரவுத் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு போட்டன். நேரங்கெட்ட நேரத்துல பாங்கு கேட்டதும் வாப்பா சுனாமி வந்திட்டு, அதுக்குத்தான் பாங்கு சொல்றாங்க எண்டு நினைச்சு எங்கள எல்லாம் எழுப்பி ரோட்டுக்குக் கொண்டு போயிட்டார்! மிஸ்ஸுக்கு எப்படிச் சொல்ற? பாங்கக் குறை சொன்ன மாதிரி இருக்கும்தானே?"

எல்லோரும் எழுந்து போனது சலிப்பில் அல்ல, அதபில், பாங்குக்குக் கொடுக்கும் மரியாதையில். ஒருவரும் வாய் திறக்காததும் அதனால்தான்.

ஜெசிக்கா மிஸ் மறுமுனையில் முழுவதையும் கேட்டார். இடையில் ஒரு தரம் இருமுவது போல் சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

"அப்ப பாங்கு கேட்டு எழும்பாத ஆக்கள்தான் பாடத்த முடிச்சது?"

"ஓம் மிஸ். எங்கட கரையில மிச்சம் எல்லாருமே எழும்பிருவாங்க."

"எங்கட வீட்டிலயும் மாதா கோயில் மணி அடிச்சா அம்மா டிவிய மூடிருவா. விளங்குது, நல்லா விளங்குது." அவருடைய குரல் வேலைக்குத் திரும்பியது. "அந்த இடத்த வெட்டுங்க. அதோட அந்தப் பூட்டையும் கழட்டுங்க ஷஃபீனா. யோசிக்கச் சொல்லி ஒரு ஆளைப் பூட்டி வைக்கிறதா? கதவு திறந்திருந்தா அந்தப் பிள்ளைகள் எப்பவோ தள்ளிட்டுப் போயிருக்கும்."

"ஓம் மிஸ். அது என்ட பிழைதான்."

"குரல் செய்தி எல்லாத்தையும் அனுப்புங்க. பாடத்தில குறையில்ல, ஒலிப்பதிவில எண்டு நான் எழுதுறன். நேர்ல வகுப்பு எண்டு கேட்ட ரெண்டு பேருக்கும் நாளைக்கு அந்த வாப்பா கதைய நானே சொல்லுவன். ஒன்லைன் நிக்காது, போதுமா?"

மர்ஷூதா ராத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஹாஜரா உம்மா கையேந்தி அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். முறிந்த நோன்புக்கு ஈடான கழா நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு மாமி பிடிக்கும்போது தானும் கூடவே நோன்பு பிடிப்பதாக ஷஃபீனா சொல்ல, "ஓம், ஒரு துணை நல்லதுதான்" என்று உம்மு குல்தூம் ஏற்றுக்கொண்டார்.

ஆனால் அவர் ஃபோனைப் பார்த்தபடியே நின்றார். அழைப்பு இன்னும் துண்டிக்கப்படவில்லை.

"மகள், ஒண்டு கேக்கணும். உங்கட கெம்பஸில... ஓ.எல். சோதினை எழுதாத ஆக்களுக்கு ஏதும் பாடம் இருக்கா?"

ஷஃபீனா வாய் திறக்கும் முன்பே பதில் ஃபோனுக்குள்ளிருந்து வந்தது.

"ஆர் அது கேக்குறது?"

உம்மு குல்தூம் முக்காட்டைச் சரிசெய்தார், ஜெசிக்கா மிஸ் எதிரில் நிற்பது போல.

"என்ட பேர் உம்மு குல்தூம். மர்ஷூதாட மாமி. மன்னார்ல படிச்சன். டிசம்பர்ல சோதினை. ஒக்டோபர்ல முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊர விட்டு வெளியேறச் சொல்லிட்டாங்க. தொண்ணூறாம் ஆண்டு."

"அப்படியான ஆக்களுக்கு ஒரு சான்றிதழ்ப் பாடநெறி தொடங்கச் சொல்லி நானும் கேட்டுக் களைச்சுப்போனன்," என்றார் ஜெசிக்கா மிஸ் மெதுவாக. "ஆள் சேராது எண்டு ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புறாங்க. அம்மா, உங்களுக்கு விருப்பம் இருக்கு, சந்தோசம். ஆனா ஒரு ஆளை வெச்சு வகுப்பு நடத்த ஏலாதே."

"ஆளுக்கென்ன மிஸ் பஞ்சம்?" என்றார் உம்மு குல்தூம். "எங்கட வகுப்புப் புள்ளைகள் எல்லாரும் இந்தக் கரையிலதான் இருக்காங்க. நாங்க எல்லாருமே ஒரே நாள்லதான் படிப்ப விட்டம்."